ஒரே ஓசையில் முடியும் சொற்கள்

1

சென்ற வாரம் என் மகள் யாழினியின் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை காலை பெற்றோர்கள் வகுப்புக்கு வந்து, குழந்தைகளோடு உட்கார்ந்து ‘ரைமிங்’ சொற்கள் சொல்லி விளையாடலாமாம். தேநீரும் பிஸ்கட்டும் உண்டு. கீழே இரண்டு கட்டங்கள்: வருகிறேன், வர இயலவில்லை. நான் இரண்டாவது கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். யாழினி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்கவில்லை. ஏழு வயதுக் குழந்தை ஏன் என்று கேட்காமல் இருந்தால் அதற்குக் காரணம் அவளுக்கே தெரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறிய ஊரில் ஆறு வருடமாக இருக்கிறோம். என் கணவர் பம்பு செய்யும் ஆலையில் பொறியாளர். கோயம்புத்தூரில் பார்த்த அதே வேலை. நான் முதியோர் இல்லத்தில் பணியாளர். குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, மாத்திரை கொடுப்பது, பேச்சுத் துணைக்கு உட்காருவது எல்லாம் என் வேலை. ஊரில் இருப்பவர்கள் “அங்கே எப்படி?” என்று கேட்டால் குளிரையும் காய்கறிக் கடையையும் பற்றிச் சொல்லி முடித்துவிடுவேன். இந்த வருடத் தொடக்கத்தில் என் அக்காவுக்கு நடந்ததை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அந்தத் தாளில் குறியிட்ட பிறகு எழுதிவிடலாம் என்று தோன்றியது.

2

அக்கா பெயர் சாந்தாமணி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு சிறிய தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் ஆங்கிலம் எடுத்தாள். மாமா வீட்டை ஒட்டி ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். குழந்தைகள் இல்லை.

அக்காவின் வகுப்பில் நான் ஒரு முறை உட்கார்ந்திருக்கிறேன். கரும்பலகையில் ‘பெல், வெல், ஷெல், டெல்’ என்று வரிசையாக எழுதி, முதல் எழுத்தை எல்லாம் உள்ளங்கையால் மறைத்துக்கொள்வாள்.

“மொத எழுத்த மூடிப்போட்டா மிச்சம் என்ன இருக்குது கண்ணுகளா?”

“எல்லாம் ஒன்னாட்டவே இருக்குதுங்க டீச்சர்!”

“அப்ப அதுக எல்லாம் ஒரே ஊட்டுப் புள்ளைங்க. ஒன்னைக் கூப்புட்டா மத்ததும் ஓடியாரும்.”

பட்டறைகளிலும் மில்லிலும் வேலை செய்பவர்களின் பிள்ளைகள் அவை. வீட்டில் ஒரு ஆங்கிலச் சொல்லும் காதில் விழாத பிள்ளைகள். ஒரு சொல்லைக் கொடுத்தால் ஐந்து சொல்லாகத் திரும்பிவரும் என்று அக்கா நம்பினாள். வந்தது. எனக்கும் அவள்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்தாள்.

ஆனால் அவள் கொடுத்த ஆங்கிலத்தோடு இங்கே வந்து முதல் மாதமே தடுக்கி விழுந்தேன். முதியோர் இல்லத்தில் ஒரு பெரியவரிடம் பழத்தட்டை நீட்டி, பேரிக்காய் வேண்டுமா என்று கேட்டேன். அவர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, “சின்னதாக இருந்தால் சரி, பெரிய கரடி என்றால் பயம்” என்றார். பேரிக்காய்க்கும் கரடிக்கும் ஆங்கிலத்தில் முதல் எழுத்துத்தான் வித்தியாசம். தமிழில் எழுதினால் அதுவும் இல்லை. நம் வாயில் இரண்டும் ஒரே ‘ப’. அந்த வாரம் அக்காவிடம் போனில் சொன்னபோது அவள் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது.

“கரடியத் தட்டுல வெச்சுக் குடுத்தயா நீயி? மாமாகிட்டச் சொல்றேன் இரு.”

3

யாழினி பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் தமிழ் மெல்ல மெல்ல அவள் வாயைவிட்டுப் போனது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பிறகு நான் கேட்பதற்கே பதில் சுருங்கியது. அவள் தமிழில் பேசிய ஒரே ஆள் அக்கா. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அங்கே மதியம் சாப்பிட்டு அக்கா ஓய்வாக இருக்கும் நேரம், வீடியோ அழைப்பு. போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்துவிட்டு நான் சமையலைப் பார்ப்பேன்.

ஒன்றாம் வகுப்பில் ஒவ்வொரு வாரமும் ரைமிங் சொற்கள் எழுதிவரச் சொன்னார்கள். அது அக்காவின் வேலையாயிற்று. அக்கா சொல்வாள், யாழினி கேட்டு நோட்டில் எழுதுவாள். இங்கே ஆண்டு முடிவில் ஒரு வாசிப்புத் தேர்வு உண்டு. அதில் பாதிச் சொற்கள் உண்மையான சொற்கள், மீதி அர்த்தமே இல்லாத சொற்கள். குழந்தை மனப்பாடம் செய்யாமல் எழுத்துக்கூட்டிப் படிக்கிறதா என்று பார்ப்பதற்காக. அந்த அர்த்தமில்லாத சொற்களுக்கு ‘ஏலியன் சொற்கள்’ என்று பெயர். பக்கத்தில் ஒரு பூத பொம்மை வரைந்திருக்கும்.

இதை அக்காவிடம் விளக்கியபோது, “அர்த்தம் இல்லாத வார்த்தைய எதுக்குடி புள்ளைக்குச் சொல்லித்தாராங்க? கூத்தால்ல இருக்குது” என்றாள்.

தை மாதம் வாக்கில், ஒரு சனிக்கிழமை, ‘மூன்’ என்று யாழினி சொல்ல, அக்கா “ஸ்பூன், நூன், சூன்” என்று போய், “வூன், டூன், கூன்” என்றாள். யாழினி விழுந்து விழுந்து சிரித்தாள். அக்கா ஏலியன் சொற்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள் என்று நினைத்தேன். யாழினி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனாள். ஆசிரியை பச்சை மையில் ‘அருமையான ஏலியன் சொற்கள்!’ என்று எழுதி நட்சத்திரம் ஒட்டியிருந்தார். அடுத்த வாரம் அதைப் போனில் காட்டினேன். அக்கா நோட்டை நெடுநேரம் பார்த்தாள்.

“நானா சொன்னேன் இத?”

“ஆமாங்க்கா, நீங்கதான்.”

“ம்” என்றாள். அவ்வளவுதான். நான் வாணலியில் கடுகைப் போடத் திரும்பிவிட்டேன்.

4

பிறகு நடந்தவை எல்லாம் மிகச் சிறியவை. அக்கா மாமாவிடம் பீரோ சாவியைக் கேட்கிறாள்: “ஏனுங்க, அந்த டீய எடுத்தாங்க.” மாமா டீ கொண்டுவருகிறார். அக்கா சாவியைக் கைகாட்டிக் கோபப்படுகிறாள். எனக்குச் சிரிப்பு. பள்ளிக்கூடத்துப் பழக்கம், ‘கீ’ என்று நினைத்தால் ‘டீ’ ஓடிவருகிறது.

இன்னொரு நாள் மேட்டுப்பாளையம் ரயில் போகும் சத்தம் போனிலேயே கேட்டது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி, “ரெயின் வந்துருச்சு” என்றாள். வெளியே வெயில் கண்ணைக் கூசிற்று. டிரெயின் என்பதில் முதல் எழுத்து விழுந்துவிட்டது, அவ்வளவுதானே.

நான் வேலை செய்யும் இடத்தில் சொற்களைத் தொலைத்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கரண்டி என்று சொல்ல முடியாமல் கையால் காற்றில் கரண்டி பிடித்துக் காட்டும் அம்மாள் ஒருவர். மகன் பெயருக்குப் பதிலாக நாய் பெயரைச் சொல்லும் பெரியவர் ஒருவர். அவர்களிடம் சின்ன மாற்றம் தெரிந்தாலும் கோப்பில் குறித்துவைப்பேன், பணி மாறும்போது அடுத்தவரிடம் சொல்வேன். அதற்கு எனக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். வாரம் தவறாமல் அக்காவின் முகத்தைப் பார்த்தேன், ஒன்றையும் குறித்துவைக்கவில்லை.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை. பேசிக்கொண்டிருந்த அக்கா சட்டென்று எழுந்தாள்.

“செத்த இரு கண்ணு. அடுப்புல கால் வெச்சிருக்கறேன், பொங்கிப்போடும்.”

நான் சிரித்துக்கொண்டே, “பாலுங்களா அக்கா?” என்றேன்.

“அதைத்தான் சொல்றேன். கால் பொங்குது.”

அதுவரை தடுமாறியதெல்லாம் ஆங்கிலச் சொற்கள். அன்றுதான் முதல் முறையாகத் தமிழ். அதைக் கவனித்தும் கவனிக்காததுபோல் விட்டுவிட்டேன். அழைப்பை முடித்த பிறகு யாழினி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னாள்: “அம்மா, பெரியம்மா விளையாடலை.”

“என்ன?”

“அவங்க விளையாட்டுக்குச் சொல்றதா நீங்க நினைக்கறீங்க. அவங்க விளையாடலை. அவங்க முகம் சிரிக்கலை.”

“பெரியவங்களைப் பத்தி அப்படிப் பேசக்கூடாது” என்று அதட்டினேன். அவள் நோட்டை மூடிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

5

பதினெட்டு நாள் கழித்து, வேலை நேரத்தில் மாமாவின் அழைப்பு. அவர் எனக்கு நேராக அழைத்ததே இல்லை.

“அம்மணி, வேலையில இருக்கறயா? கொஞ்சம் வெளியில வா. பதறிப்போடாத.”

“என்னுங்க மாமா?”

“உங்கக்காவ ஆசுபத்திரிக்குக் கூட்டியாந்திருக்கறேன். உக்காந்துதான் இருக்கறா, ஒன்னும் அடி இல்ல. ரெண்டாம் வகுப்புல பாடம் எடுத்துட்டு இருந்திருக்கறா. போர்டுல எழுதி எழுதிச் சொல்லிட்டே இருந்திருக்கறா. மணி அடிச்சும் நிறுத்தலையாம். புள்ளைங்க பாடம்னு நெனச்சு, அவ சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லியிருக்குதுங்க. பக்கத்து வகுப்பு டீச்சரம்மா சத்தம் கேட்டுப் போயிப் பாத்தா, போர்டு பூரா எழுதி முடிச்சுப்போட்டு செவுத்துல எழுதிட்டு இருந்தாளாம்.”

“என்ன எழுதுனாங்க மாமா?”

“எனக்கு என்ன தெரியும் அம்மணி. ஒன்னும் வார்த்தையே இல்லைங்கறாங்க. ஆனா எல்லாம் ஒரே மாதிரி முடியுதுங்கறாங்க.”

இல்லத்தின் பின்பக்கக் கதவருகே நின்றிருந்தேன். உள்ளே யாரோ மணி அடித்து என்னை அழைத்துக்கொண்டிருந்தார்கள். முப்பது பிள்ளைகள் ஒரே குரலில், அர்த்தமில்லாத சொற்களை, டீச்சர் சொல்கிறாளே என்று நம்பித் திருப்பிச் சொல்வது என் காதில் கேட்டது. இன்றும் கேட்கிறது.

மறுநாள் ஸ்கேன். மூளையின் இடப்பக்கத்தில், பேச்சு இருக்கும் இடத்தை ஒட்டி ஒரு கட்டி. மருத்துவர் மாமாவிடம் கேட்ட முதல் கேள்வி, இது எப்போது ஆரம்பித்தது என்பது. மாமாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. பட்டறைச் சத்தத்தில் பாதி நாள் அவருக்கு அக்கா பேசுவதே கேட்காது. என்னிடம் கேட்டார்.

யாழினியின் நோட்டை எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தேன். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் ஆசிரியை போட்ட தேதி. முதல் பக்கங்களில் எல்லாம் சரியான சொற்கள். பொங்கலுக்குப் பிறகு ஒன்று, இரண்டு. பிறகு பாதி. கடைசிப் பக்கத்தில் ஒரு சொல்கூட எனக்குத் தெரிந்த சொல் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் நட்சத்திரம். அவற்றைப் படமெடுத்து மருத்துவருக்கு அனுப்பினேன். இவ்வளவு தெளிவாக யாரும் எழுதிவைத்துப் பார்த்ததில்லை என்று அவர் மாமாவிடம் சொன்னாராம். அது பாராட்டாக எனக்குப் படவில்லை.

6

உடனே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பம் அப்போது பரிசீலனையில் இருந்தது. பழைய விசா காலம் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. உதவி எண்ணுக்கு அழைத்தேன். நாற்பது நிமிடம் இசை கேட்டபின் ஒரு பெண் எடுத்தார். மிகவும் கனிவான குரல்.

“நீங்கள் தாராளமாகப் பயணம் செய்யலாம். ஆனால் நாட்டைவிட்டு வெளியேறினால் விண்ணப்பத்தை நீங்களே திரும்பப் பெற்றுக்கொண்டதாகக் கருதப்படும்.”

“என் அக்காவுக்கு மூளையில் அறுவை சிகிச்சை.”

“கேட்க வருத்தமாக இருக்கிறது. வேறு ஏதாவது உதவி வேண்டுமா?”

போனால் அங்கிருந்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். எத்தனை மாதம் என்று யாராலும் சொல்ல முடியாது. அத்தனை மாதமும் யாழினி இங்கே. கணவர், “நீ போறதுன்னா போ ரேவதி, நான் பாத்துக்கறேன்” என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்காவையே கேட்டுவிடலாம் என்று அழைத்தேன். படுக்கையில் சாய்ந்திருந்தாள். தலைமுடியைப் பின்னி முன்னால் போட்டிருந்தார்கள்.

“அக்கா, நான் வரட்டுங்களா?”

அவள் வாய் திறந்தாள். “வர... தர... மர...” என்று போயிற்று. நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. கடைசியில் தன் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். கண்கள் மட்டும் என்னைப் பார்த்தன. வா என்றாளா, வராதே என்றாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாமா போனை வாங்கிக்கொண்டார்.

“அவளுக்கு எல்லாம் புரியுது அம்மணி. சொல்லத்தான் வரல. நீ அங்கயே இரு. புள்ளைய உட்டுப்போட்டு வந்து மாட்டிக்காத.”

அதை அக்காவின் பதிலாக எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது. நான் போகவில்லை.

7

போகாமல் இங்கிருந்து ஒரு வேலை செய்தேன். அறுவை சிகிச்சையின் நடுவே அக்காவை விழிக்கவைத்துப் படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வார்களாம். மூளையில் எந்த இடத்தைத் தொடும்போது சொல் தடுமாறுகிறதோ, அந்த இடத்தை வெட்டாமல் விட்டுவிடுவார்கள். எந்தெந்தப் படம் என்று முடிவுசெய்ய, பேச்சுப் பயிற்சி கொடுக்கும் இளம்பெண் ஒருத்தி என்னை வீடியோவில் அழைத்தாள்.

“அவங்க எந்தக் காலத்துலயும் தப்பாச் சொல்லாத வார்த்தைங்களா வேணுங்க. அப்புறம், ரெண்டு வார்த்தை ஒரே சத்தத்துல முடியக்கூடாதுங்க. அப்படி இருந்தா ஒன்னுல இருந்து இன்னொன்னுக்கு வழுக்கிப் போயிருவாங்க.”

மூன்று நாள் உட்கார்ந்து பட்டியல் போட்டோம். குடை என்றால் கூடை கூடாது. பசு, யானை, தேங்காய், கத்தரிக்கோல், சீப்பு. அக்கா வாழ்நாள் முழுதும் சேர்த்துச் சேர்த்துக் கொடுத்ததை நான் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தேன்.

அறுவை சிகிச்சை அன்று எனக்குக் காலைப் பணி. எல்லோருக்கும் கஞ்சி ஊட்டினேன். மதியம்தான் மாமா பேசினார். பாதிக்கு மேல் சரியாகச் சொன்னாளாம். சீப்பு வந்தபோது, “காப்பு, தோப்பு, மூப்பு” என்று போய்விட்டாளாம். அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிட்டார்கள். அங்கே இருந்த கட்டியும் அங்கேயே இருக்கிறது.

“வேற ஏதாச்சும் படம் வெச்சிருக்கலாமோ மாமா?” என்று கேட்டேன்.

“என்ன பேசற நீயி. சீப்பு என்ன அம்மணி பண்ணும்?” என்றார்.

8

அனுமதிக் கடிதம் வந்த வாரமே கிளம்பினேன். அறுவை சிகிச்சை முடிந்து ஒன்பது வாரம் ஆகியிருந்தது. யாழினிக்கு அந்த வாசிப்புத் தேர்வு. நான் இல்லாமலே போய்வந்தாள்.

பெரியநாயக்கன்பாளையத்தில் அக்கா வாசலுக்கு வந்து நின்றாள். தலையில் துண்டு. என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய்ச் சோறு போட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆங்கிலம் சுத்தமாகப் போய்விட்டது. தமிழில் ஒன்றிரண்டு சொற்கள்: “தண்ணி”, “போதும்”, மாமாவைத் தேடினால் “அவிய எங்க”. நீளமாகப் பேசத் தொடங்கினால் வழுக்கிவிடும் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. அதனால் ஒவ்வொரு சொல்லையும் சொல்லிவிட்டு உதட்டை இறுக்கிக்கொள்வாள். பள்ளியிலிருந்து அவள் பையைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அதை யாரும் திறக்கவில்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அங்கிருந்து யாழினியை அழைத்தேன். அக்கா பக்கத்தில் வந்து உட்காருவாள். யாழினி அவளைப் பார்ப்பாள், ஏதும் கேட்க மாட்டாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தேர்வு எப்படி இருந்தது என்று கேட்டபோது, உண்மையான சொற்களை எல்லாம் படித்தேன், மற்றதைப் படிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன் என்றாள்.

திரும்பிவருவதற்கு இரண்டு நாள் முன்பு மறு ஸ்கேன். மருத்துவர் படத்தை விளக்கொளியில் மாட்டி, விட்டுவைத்த இடத்தைப் பேனாவால் காட்டினார். முன்பு இருந்ததைவிட ஓரம் சற்றுத் தடித்திருக்கிறது என்றார். வீக்கமாகவும் இருக்கலாம், வளர்ச்சியாகவும் இருக்கலாம். மூன்று மாதம் பார்க்கலாம். அந்த மூன்று மாதம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது.

வெளியே வந்தோம். மாமா வண்டியை எடுத்துவரப் போனார். அக்காவும் நானும் ஆஸ்பத்திரி வாசலில், வேப்ப மரத்தடியில் கிடந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவினாசி சாலைப் பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அக்கா என் கையைத் தேடிப் பிடித்தாள். நான்கு மாதங்களில் அவள் வாயிலிருந்து நான் ஒரு முழு வாக்கியம் கேட்டதில்லை. நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துச் சொன்னாள்.

“எனக்குப் பயமா இருக்குது கண்ணு.”

ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. மாமாவின் வண்டி வளைவில் திரும்பி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

“எனக்குந்தானுங்க்கா” என்றேன்.